ஓங்கி அடிக்காத தவில்

கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் உப்பு குறைச்சல் என்று சொல்லப் பத்து பேர் யோசிப்பார்கள். தவில்காரனிடம் சத்தம் குறைச்சல் என்று சொல்ல ஒருவரும் யோசிப்பதில்லை.

"வாயத் திறந்து பேசுடா" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் "உள்ளேன் ஐயா" சொல்வது பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆனவன் நான். அப்படிப்பட்டவன் தவில் வாசிக்கப் போனதை எங்கள் தெருவே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது.

எங்கள் தாத்தா பேய்க்கதை சொல்லும்போது பேய் வரும் இடத்தில் கத்தமாட்டார். குரலை இறக்குவார். இறக்க இறக்க நாங்கள் நகர்ந்து நகர்ந்து அவர் மடிக்கே போய்விடுவோம். பேய் வாயைத் திறக்கும் நேரத்தில் அவர் உதடு மட்டும்தான் அசையும். எங்களில் ஒருத்தன் அலறுவான். சத்தம் போட்டது கதை சொன்னவர் இல்லை, கேட்டவன். தவில் விஷயத்திலும் என் கட்சி இதுதான்.

தவிலுக்கு இரண்டு முகம். வலது முகத்தை, பசை தடவிய துணியை விரல்களில் சுற்றிக் கல்லாகக் காயவைத்த கூடுகளை மாட்டிக்கொண்டு விரலால் வாசிப்போம். இடது முகத்தைக் குச்சியால். ஓங்கி ஒரு அடி அடித்தால் தோல் 'டக்' என்று வெட்டிக்கொண்டு நின்றுவிடும். அதே இடத்தில் குச்சியை அழுத்தாமல், விழவிட்டு எடுத்தால் 'தொம்' என்று சத்தம் உள்ளே போகும், கட்டையை ஒரு சுற்றுச் சுற்றும், பிறகுதான் வெளியே வரும். ஓங்கும்போது தோல் பேசுகிறது. அடங்கும்போது கட்டை பேசுகிறது. ஒரே வாத்தியத்துக்குள் இரண்டு வாத்தியம் இருக்கிறது. ஜனங்கள் அதில் ஒன்றைத்தான் மேளம் என்று ஒத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் குழு ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. சபாபதி அண்ணன் நாதஸ்வரம், தலைவரும் அவர்தான். மூர்த்தி அண்ணன் முதல் தவில். நான் இரண்டாம் தவில். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பார்த்த ஒப்பந்த வேலையை விட்டுவிட்டு வந்து இந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா அந்தக் கம்பெனி யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் வைத்திருக்கிறாள், எப்படியும் தேவைப்படும் என்று. ஜமக்காளம் போனால் மறுபடி விடியற்காலை கம்பெனி பஸ்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பதினோராம் மாடி

ஒரகடம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். "எதிர் பிளாக்குக்குக் கேக்கணும் சார்" என்று எங்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். சின்ன ஹால், டைல்ஸ் தரை, மூன்று பக்கம் கண்ணாடி. மூர்த்தி அண்ணன் ஆரம்பித்ததும் பால் பொங்குவதற்கு முன்னால் ஜன்னல் பொங்கியது. அடித்த அடி சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த அடியின் மேல் விழ, எது தவிலின் சொல், எது எதிரொலி என்று வாசித்த எங்களுக்கே தெரியவில்லை. அவர் காபி குடிக்க எழுந்துபோன சமயம், நான் குச்சியைத் தோலில் வைத்த மாதிரியும் வைக்காத மாதிரியும் வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. ஹோமத்துக்கு முன்னால் இருந்த ஐயர்கூட நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரர் சபாபதி அண்ணனிடம் வந்தார். "ரெண்டாவது மேளம் ஒர்க் ஆகலையா?"

வேலை முடிந்து லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது சபாபதி அண்ணன் என்னைப் பார்க்காமல் லிஃப்டு கதவைப் பார்த்துச் சொன்னார். "செய்யாத்துல ஒரு பையன் கீறான். அவன் இங்க அடிச்சா சுங்குவார்சத்திரத்துல கேக்கும். இன்னும் ஒரே ஒரு வூட்டுக்காரன் உன்னப் பத்தி எங்கிட்ட வந்து சொல்லட்டும், அவனுக்குப் போன் போட்டுடுவேன்." நான் ஏதோ பதில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லுங்கியும் கலைந்த தலையுமாக ஒருவர். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவராம். சண்டைக்குத்தான் வருகிறார் என்று மூர்த்தி அண்ணன் தவிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவரோ கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்: "மொதல்ல டமடமன்னு அடிச்சீங்களே, அப்பல்லாம் நல்லாத் தூங்கிகினு இருந்தேன், எங்க கம்பெனி லைனு மாதிரியே இருந்துது; அப்பால யாரோ மெதுவா வாசிச்சாங்க பாரு, இன்னாடா இதுன்னு முழிப்பு வந்துடுச்சு, யாருங்க அது?"

ஸ்பெக் படி

என் கை மாறாது என்று தெரிந்ததும் சபாபதி அண்ணன் தவிலை மாற்றப் பார்த்தார். "தோல இன்னும் இறுக்கு. தட்டினாலே கத்தணும்." இப்போதைய தவில்களில் தோலை இழுத்துப் பிடிக்க நட்டும் போல்ட்டும்தான். ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் திருகி, தட்டிக் கேட்டு, மறுபடி திருகி, அரை நாள் ஆகும். என் நண்பன் பிரகாஷ் ஒரு கார்க் கம்பெனியில் சக்கரம் மாட்டும் லைனில் இருக்கிறான். "காதை வெச்சிக்கினு எவனாவது போல்ட் டைட் பண்ணுவானா?" என்று சிரித்தான். டார்க் ரெஞ்ச் கொண்டுவந்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் முதலிலேயே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று தானே சொல்லிவிடும். எல்லா போல்ட்டும் ஒரே அளவு. பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றித் திருகினான். சக்கரத்துக்கு அப்படித்தானாம்.

ஸ்பெக், அதாவது அளவு, எல்லாம் சரி. ஆனால் தோல் இரும்பு இல்லை. ஒரு பக்கம் தடித்திருக்கும், ஒரு பக்கம் மெலிந்திருக்கும். மெதுவாகத் தொட்டால் பென்சிலால் மேஜையைத் தட்டிய சத்தம் வந்தது. ஓங்கினால் பட்டாசு. நடுவில் ஒன்றுமே இல்லை. மாடிப்படிக்கு மேல்படியும் கீழ்ப்படியும் மட்டும் இருந்து நடுப்படிகளைப் பிடுங்கிவிட்ட மாதிரி. நான் வாழ்வதே அந்த நடுப்படிகளில்தான். எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு மறுபடி ஸ்பானரை எடுத்தேன். பிரகாஷ் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் தட்டுவதைக் காது கொடுத்துக் கேட்டு, கடைசியில் தீர்ப்புச் சொன்னான்: "மச்சான், ஸ்பெக் படி எல்லாம் ஓகே, தவுலுக்குத்தான் இன்னும் டிரெய்னிங் குடுக்கல."

பாபுவின் பொட்டி

தண்டலத்தில் ஒரு மண்டபம். அங்கே மைக்செட் பாபுதான். எங்கள் குழு போகிற பாதிக் கல்யாணங்களில் அவனும் இருப்பான். அன்றைக்கு மூர்த்தி அண்ணன் விழுந்து விழுந்து அடித்தார். தோள்பட்டை வேர்த்துப் பளபளத்தது. ஆனால் ஹாலின் கடைசி வரிசையில் போய் நின்று கேட்டால், அடுத்த வீட்டில் யாரோ சட்னிக்குத் தேங்காய் உடைக்கிற மாதிரி இருந்தது. அவர் இன்னும் ஓங்கினார். சத்தம் இன்னும் சின்னதானது. "மைக்கைத் தூக்குடா" என்று மேடையிலிருந்தே பாபுவைத் திட்டினார். பாபு டீ குடித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினான், எதையும் தொடவில்லை.

என் முறை வந்தது. நான் தவிலைக் கொஞ்சம் மைக் பக்கம் சாய்த்து, இடது முகத்தில் குச்சியைத் தளர்வாக விழவிட்டேன். அவ்வளவுதான். ஹாலின் கடைசிவரை 'தொம்' என்று தரை அதிர்ந்தது. பந்தியில் இருந்த ஒருவர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு மழை வருகிறதா என்று வெளியே எட்டிப் பார்த்தார். மூர்த்தி அண்ணனுக்கு என் மேல் சந்தேகம், பாபுவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டேனா என்று. முடிந்ததும் நேராகப் போய் அவன் சட்டையைப் பிடித்தார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது: பெரிய சத்தம் போய் ஸ்பீக்கர் பொட்டியைக் கிழித்துவிடக் கூடாது என்று அவன் மைக்செட்டில் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். அளவு தாண்டினால் அதுவே அமுக்கிவிடும். மூர்த்தி அண்ணன் அரை மணி நேரம் சண்டை போட்டது அந்தப் பூட்டோடு. பாபு சட்டையை விடுவித்துக்கொண்டு சொன்னான்: "நீ ஏறி அடிச்சா பொட்டி உன்ன அமுக்கும், அவன் அடங்கி அடிச்சா பொட்டி அவன தூக்கும், இதுக்குப் போயி என் சட்டைய ஏன்ணா புடிக்கிற?"

ஹாரன்

ஒரகடம் சாலையில் மாப்பிள்ளை அழைப்பு. ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஒரு பக்கம் கம்பெனி பஸ் வரிசை, இன்னொரு பக்கம் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரிகள். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு மானப் பிரச்சினை. "எங்க மேளம் அந்த ஹாரன அமுக்கணும்" என்றார். மூர்த்தி அண்ணன் லாரியோடு மல்லுக்கு நின்றார். லாரி ஜெயித்தது. அவர் குச்சி உடைந்தது. அவர் வேறு குச்சி தேடிப் பையைத் துழாவ, ஊர்வலம் என் தலையில் விழுந்தது.

நான் ஹாரனோடு சண்டைக்குப் போகவில்லை. ஹாரன் வந்தால் கையை எடுத்துவிடுவேன். அது ஓய்ந்ததும், அந்த வெற்றிடத்தில், மெதுவாக நாலு சொல். பெரிய சத்தம் போன கையோடு வருகிற சின்னச் சத்தம் எவ்வளவு சின்னதானாலும் காதில் விழும். தாய்மாமன் "லாரிக்குப் பயந்துட்டியா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்குப் புரியாதபடி. நெரிசலில் நின்றிருந்த கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் பஸ் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். என் இடைவெளி அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. தாய்மாமன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்: "யோவ் மேளம், நீ கேப்பு வுட்டுக்கினே வா, ஹாரன் நான் பாத்துக்கறேன்!"

ஒரு விரல்

தாலி கட்டும் நேரத்தில் ஐயரோ பெரியவர் யாரோ ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டுவார்கள். கெட்டிமேளம் என்று அர்த்தம். அந்த விரலைப் பார்த்ததும் நாங்கள் எது வாசித்துக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கொட்ட வேண்டும். அந்த நேரத்தில் தும்மலோ அழுகையோ அபசகுனமாக எதுவும் யார் காதிலும் விழக் கூடாது. எங்களுக்கு இது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. சாலையில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகிற மாதிரி.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு முகூர்த்தம். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக ஹாலுக்குள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. போட்டோக்காரர் மணமேடையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சிரிக்கவைத்து ஒரு படம் எடுத்தார். திருப்தியில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று விரலை உயர்த்தினார். மூர்த்தி அண்ணன் பார்த்தது விரலை மட்டும். இடி விழுந்தது. சபாபதி அண்ணனும் சேர்ந்துகொண்டார். நானும்தான், மறைக்க மாட்டேன், விரல் விரல்தானே. ஜனங்கள் எழுந்து நின்று அட்சதையை வீசினார்கள். பாதி அரிசி போட்டோக்காரர் தலையில், மீதி நாலாவது வரிசையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற அத்தை மேல்.

எல்லாம் ஓய்ந்து, தட்டு மேடைக்கு வந்து, உண்மையான விரல் உயர்ந்தபோது எங்களிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. விடியற்காலையிலிருந்து அதே உச்சத்தில் வாசித்திருக்கிறோம், ஒரு தடவை கொட்டியும் தீர்த்துவிட்டோம், இனி எங்கே ஏறுவது? கெட்டிமேளம் நடந்தது, செல்போனிலிருந்து ஒரு தலையும் நிமிரவில்லை. மேலே போக வேண்டும் என்றால் முதலில் கீழே நிற்க வேண்டும் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். தலையில் அரிசியோடு வந்த அந்த அத்தை அதைவிடத் தெளிவாகச் சொன்னாள்: "எதுக்கு மேளம் அடிச்சீங்கோ, எதுக்கு அடிக்கலன்னே தெரில, எல்லாம் ஒண்ணாட்டமே கீது!"

முன்வரிசை நாற்காலி

வாலாஜாபாத் மண்டபத்தில் நடந்ததுதான் கடைசி. பெண்ணின் அப்பா பெயர் கோதண்டம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகடு நசுங்கிக் கதவாக மாறுகிற இடத்தில், வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "சாப்ட்டாச்சா?" என்று அவர் கேட்டால் தெருமுனையில் இருப்பவர் "ஆச்சு" என்பார். நாங்கள் ஜமக்காளத்தை விரித்ததிலிருந்தே என் மேல்தான் கண். "இன்னா தம்பி, தூங்கறியா? ஓங்கி அட்றா!" சபாபதி அண்ணனிடம் போய், "அந்தச் சின்னப் பையன் கை வெக்கறதே கேக்கல. வேற ஆளு இல்லையா?" என்றார். சபாபதி அண்ணன் என் காதருகே குனிந்தார். "கேட்டுக்கினியா? சொல்லிட்டாரு. முகூர்த்தம் முடியட்டும், செய்யாத்துக்குப் போன் போடறேன்." எனக்கு அலமாரியில் மடித்து வைத்த யூனிஃபார்ம் ஞாபகம் வந்தது.

ஓங்கி அடித்துத் தொலைத்துவிடலாமா என்று நினைத்தேன். கைகூடத் தூக்கிவிட்டேன். அப்போது கோதண்டத்தின் மனைவி ஓடிவந்து அவர் காதில், சமையல் ஆள் என்னவோ கேட்கிறார் என்று கத்தினார். அவர் முகம் சுளித்தார். "ஏன்டி கத்தற? கத்தினா எல்லாம் கொழகொழன்னு ஆவுது, ஒண்ணும் புரில!" மணக்கோலத்தில் இருந்த பெண் அவரைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக விட்டு விட்டுச் சொன்னாள். "ஓ, சாம்பாருக்குப் பெரிய அண்டாவா? உள்ள கீது" என்றார் உடனே. அடுத்த நிமிஷம் மூர்த்தி அண்ணன் உச்சத்துக்குப் போனார். கோதண்டத்தின் கை காதுப் பக்கம் போனது. முகம் அதே சுளிப்பு. சுளித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "சத்தமா அட்றா!" பிரஸ் ஷாப்பில் அடிபட்ட காது, சத்தம் ஏறினால் அதற்குக் குழம்பும் என்று அப்போதுதான் புரிந்தது. தூக்கிய கையை இறக்கிவிட்டேன்.

அன்றைக்கும் மைக்செட் பாபுதான். அவனிடம் போய் மேடைப் பக்கத்துப் பொட்டியை அணைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் அணைத்தான். கன்னிகாதானம் முடிந்து கோதண்டம் மணமேடை ஓரமாக வந்து நின்றார். அவருக்காக முன்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை யாரோ இழுத்துப் போட, அதில் உட்கார்ந்தார். நான் என் இடத்திலிருந்து ஒரு முழம் நகர்ந்து, தவிலின் இடது முகத்தை அந்த நாற்காலிப் பக்கம் திருப்பினேன். "அண்ணே, கொஞ்சம் அடங்கி வாங்க" என்று மூர்த்தி அண்ணனிடம் சொன்னேன். என் குரல் அவருக்கு எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறது? சரி என்று வலது முகத்தை விட்டுவிட்டுக் குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு 'தொம்'. அது சுற்றி வந்து அடங்கும்வரை காத்திருந்து இன்னொன்று. என் தவில் கிழிந்துவிட்டதோ என்று மூர்த்தி அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் நிறுத்தியதும் சபாபதி அண்ணன் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை முறைத்தார். மண்டபத்தில் என் குச்சி மட்டும்.

தாலி கட்டப் போகிற நேரத்தில் மேளம் அடங்கினால் என்ன ஆகும் தெரியுமா? யாராவது தும்மிவிட்டால்? அந்தப் பயம் ஒரே நொடியில் ஹால் முழுவதும் பரவியது. ஒரு அம்மாள் குழந்தையின் வாயைப் பொத்தினாள். ஒரு பெரியவர் இருமலை விழுங்கி முகம் சிவந்தார். பந்திக்கு இலை போட்டவர்கள்கூட அசையாமல் நின்றார்கள். அத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற இடத்தில் என் மெதுவான 'தொம்' நடந்துபோனது. கோதண்டம் திரும்பினார். முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு தவிலைப் பார்த்தார். சுளிப்பு இல்லை. நாற்காலியின் கைப்பிடியில் அவர் விரல் என் அடிக்கு ஒரு அடியாக விழுந்தது. நான் நிறுத்தினால் அது நின்றது. நான் விட்டால் விழுந்தது.

ஐயரின் விரல் உயர்ந்தது. இந்தத் தடவை நிஜ விரல். நான் குதிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினேன். விரல் கூடு சேர்ந்தது, குச்சி நெருங்கியது, மூர்த்தி அண்ணன் பிடித்துக்கொண்டார், நாதஸ்வரம் மேலே எழுந்தது. உச்சிக்கு வந்தபோது நாங்கள் வழக்கமாக அடிப்பதைவிடக் குறைவாகத்தான் அடித்தோம். ஆனால் எங்களுக்குக் கீழே அவ்வளவு பள்ளம் இருந்ததால் அது மண்டபக் கூரையைத் தொட்டது. மூன்று முடிச்சு விழுந்தது. அட்சதை சரியான தலைகளில் விழுந்தது. கோதண்டம் எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தார், ஆச்சரியம், சத்தமே இல்லாமல்.

பந்தியில் அவர் எங்கள் இலைக்கு முன்னால் வந்து நின்றார். சபாபதி அண்ணன் கையில் போன். செய்யாறு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். கோதண்டம் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், பாயசம் சிந்தியது. "காலைலேர்ந்து இதத்தானே கத்திக்கினு கீறேன்! கடைசில அந்தச் சின்னப் பையன் ஓங்கி அடிச்சான் பாரு, ஒவ்வொரு அடியும் உள்ள எறங்கிச்சு. மத்த மேளமெல்லாம் ஒரு மேளமா!" மூர்த்தி அண்ணன் அப்பளத்தை உடைத்தார், கொஞ்சம் பலமாக. நான் திருத்தவில்லை. அவர் நல்ல மனுஷர். அவர் அகராதியில் காதில் விழுந்தது எல்லாம் ஓங்கியதுதான். சபாபதி அண்ணன் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு பாயசத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குத் தண்டலத்துல முகூர்த்தம், விடிகாலைல வந்துடு, ஓங்கினியோ அடங்கினியோ எனக்குத் தெரியாது, அந்தாளுக்குக் கேட்டிருக்கு, அவ்ளோதான்."

கம்பெனி யூனிஃபார்மைக் கிழித்துத்தான் இப்போது விரல்களுக்குக் கூடு சுற்றுகிறேன், யாராவது "ஓங்கி அடி" என்றால் பணிவாகத் தலையாட்டிவிட்டு இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறேன், இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.